பரஸ்தானம் வைத்த பெட்டி

கத்திரி வெயிலுக்கு நடுவே எங்கள் கிணற்றடித் தெருவில் பனி இறங்கியது என்று நான் சொன்னால் வேலூரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பனியில் தலைக்குக் குல்லா மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனவர்கள் இன்றைக்கும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் பனி இறங்கியதை ஒப்புக்கொள்வார்கள், எனக்குச் செய்ததைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

என் பெயர் மங்கையர்க்கரசி. காட்பாடி ஸ்டேஷன் முன்பதிவு கவுன்ட்டரில் உட்கார்ந்து காசிக்கும் கல்கத்தாவுக்கும் ஜம்முவுக்கும் ஊரையே ஏற்றி அனுப்பிவிட்டு, நான் மட்டும் சாயங்காலம் டவுன் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தவள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு, டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிறது என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். லீவு முடிந்து எல்லைக்குத் திரும்பிய பட்டாளத்துக்காரர் ஒருவர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டே, "அங்கெல்லாம் வாயைத் தெறந்தாலே புகை வரும் மேடம், பேசுற வார்த்தையைக் கண்ணால பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்தப் பைத்தியம். டேபிள் ஃபேன் சுடுகாற்றை முகத்தில் அடிக்க, பிடரியில் வேர்வை வழிய, கண்ணாடித் துவாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, என் மூச்சை நான் ஒருநாள் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வீடு வாசல் நகை நட்டு என்று நான் எதையும் கேட்கவில்லை, ஒரு வாய்ப் புகை கேட்டேன்.

இந்த ஆசையை நான் சொல்லி வைத்திருந்தது ஒரே ஒருத்தியிடம். கோகிலா, பக்கத்து வீட்டுக்காரி, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குட்டைச் சுவர், நான் வேலைக்குப் போகாத நாளெல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தச் சுவர்மேல் காபி டம்ளரை வைத்து "மங்கை" என்று ஒரு குரல் கொடுப்பாள், நான் எங்கே இருந்தாலும் ஓடிவந்துவிடுவேன். மார்கழி மாதம் கோட்டைப் பக்கம் கடை விரிக்கிற திபெத்துக்காரர்களிடம், ரொம்ப வருஷத்துக்கு முன்னால், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அரக்குக் கலர் ஸ்வெட்டர் வாங்கினோம். காஷ்மீருக்குப் போவதாகத் திட்டம். "ஏறும்போது நீ போட்டுக்கோ, எறங்கும்போது நான் போட்டுக்கிறேன்" என்றாள். அவள் புருஷன் படுக்கையில் விழுந்தார், பிறகு போய்ச் சேர்ந்தார், பெண் படித்தாள், காஷ்மீர் அங்கேயே இருந்தது, ஸ்வெட்டர் இங்கேயே இருந்தது.

இங்கேயே இருந்தது என்றும் சொல்ல முடியாது. தெருவில் யார் குளிர்ப் பிரதேசம் போனாலும் அந்த ஸ்வெட்டரைத்தான் கேட்டு வாங்கிப் போவார்கள். ஊட்டிக்கு, கொடைக்கானலுக்கு, பத்ரிநாத்துக்கு, மணாலித் தேனிலவுக்கு. எப்படியோ ஒரு வழக்கமும் வந்துவிட்டது, திருப்பிக் கொடுக்கும்போது அதன் பாக்கெட்டில் போன இடத்திலிருந்து ஏதாவது ஒன்று வைத்துத்தான் கொடுக்க வேண்டும், ஒரு ஊட்டி வர்க்கியோ, கங்கைக் கரைக் கூழாங்கல்லோ, பிரசாதப் பொட்டலமோ. வெறும் பாக்கெட்டோடு கொடுத்தவளை வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுகிற தெரு எங்கள் தெரு.

நான் ஓய்வு பெற்ற வருஷம் புனிதா போன் செய்தாள். எனக்குப் பக்கத்து கவுன்ட்டரில் வேலை பார்த்தவள், இப்போது வான்கூவரில் மகனோடு இருக்கிறாள். சிங்கப்பூரில் கப்பல் ஏறி, வியட்நாம், ஹாங்காங், ஜப்பான் என்று வடக்கே வடக்கே போய், அலாஸ்காவைச் சுற்றி, அவள் ஊரில் இறங்குவதாகப் பயணம். "வேர்வையில ஏறி பனியில எறங்கப்போறோம்டி, வா" என்றாள். நான் முதலில் கேட்டது கோகிலாவைத்தான். அவள் பெண் இளமதி பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். "நான் எங்கேடி வர்றது? நீ போய்ட்டு வா. உன் கண்ணால நான் பாத்துக்கிறேன்" என்றாள் கோகிலா. அதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், நானும் நம்பினேன்.

துணி எடுத்து வைக்கிற வேலை அன்றே தொடங்கியது. சூட்டுக்குச் சின்னப் பை, குளிருக்குப் பெரிய பெட்டி என்று பிரித்துக்கொண்டேன். சின்னப் பையில் நான்கு காட்டன் புடவை, ஒரு மழைக்கோட்டு, அதோடு முடிந்தது. பெரிய பெட்டிக்குத்தான் தெருவே படையெடுத்து வந்தது. "ஒரே கனமா ஒண்ணு போட்டா பத்தாது, மெல்லிசா ஒண்ணுமேல ஒண்ணு போடணும்" என்று புனிதா சொல்லியிருந்தாள், அதைக் கேட்டதிலிருந்து ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். ஷம்ஷாத் அக்கா, மகன் சவூதியிலிருந்து கொண்டுவந்து இங்கே ஒருநாளும் போடாத ஜெர்கினைக் கொடுத்தார். காசி யாத்திரை போனவர்கள் குரங்குக் குல்லாவும் கம்பளிக் காலுறையும் கொடுத்தார்கள். தெரு நலச் சங்கத்தின் செயலாளர் நாகலிங்கம் சார், தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், தனக்கு மேடையில் போர்த்திய பொன்னாடைகளை ஒரு மூட்டையாகவே கொண்டுவந்து இறக்கினார்.

"இது குளிருக்குத் தாங்காது சார்."

"மரியாதைக்குத் தாங்கும்மா, வச்சுக்க" என்றார் அவர்.

எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக, அரக்குக் கலர் ஸ்வெட்டரைக் கோகிலா தன் கையால் மடித்து வைத்தாள். வைத்து அவள் கையை எடுத்ததும் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு வெண்புகை எழுந்து, தரையோடு தரையாகப் போய், வாசற்படி இறங்கி, தெருவுக்குப் போயிற்று. "ஜன்னலைச் சாத்துடி, குளிருது" என்றாள் அவள். நானும் எழுந்து போய்ச் சாத்தினேன்.

மறுநாள் காலை தெருவில் எல்லார் வீட்டிலும் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்திருந்தது. கத்திரி உச்சத்தில், ஊரே தார் உருகிக் கிடக்கையில், எங்கள் தெருவில் மட்டும் கோலமாவு ஈரத்தில் ஒட்டிக்கொண்டது, ஸ்கூட்டர் சீட்டில் பனி பூத்தது, வேப்பமரத்துக் காக்கைகள் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. முக்கு டிரான்ஸ்பார்மர் வரைக்கும் குளிர், அதைத் தாண்டி ஓரடி வைத்தால் வெயில். அந்த இடத்தில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்று பார்ப்பதற்கென்றே சத்துவாச்சாரியிலிருந்தும் காகிதப்பட்டறையிலிருந்தும் ஆட்கள் ஆட்டோ வைத்து வந்தார்கள். எப்படி வந்தது என்று ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, மங்கை குளிருக்குத் துணி எடுத்து வைத்தாள், துணி இருக்கிற இடத்துக்குக் குளிர் வந்தது, இதில் என்ன இருக்கிறது என்று முடித்துவிட்டார்கள். பேச்செல்லாம் வேறு மாதிரி இருந்தது: இட்லி மாவு புளிக்க மாட்டேன் என்கிறது என்று தூக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள், சோடாக்கடைக்காரர் ஒரே நாளில் சுக்குக் காபிக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் மாறினார், பிள்ளையாருக்கு யாரோ மப்ளர் சுற்றினார்கள், மின்சாரம் போனால் எழுந்து வெளியே வந்து திட்டுகிற தெரு, மின்சாரம் போனதையே கவனிக்காமல் போர்வைக்குள் தூங்கியது, ஒரு கொசு கிடையாது, ஒரு வேர்க்குரு கிடையாது, மாமியாரும் மருமகளும் சண்டையைக்கூட அடுப்பங்கரையில் ஒட்டி உட்கார்ந்து மெதுவாகப் போட்டார்கள்.

தெருவே வாயைத் திறந்து திறந்து புகை விட்டது. பால்காரர் விட்டார், நாகலிங்கம் சார் பீடி இல்லாமலே விட்டார், ஷம்ஷாத் அக்கா முக்காட்டுக்குள்ளிருந்து விட்டு வெட்கப்பட்டார். நான் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன்.

"உனக்கு இன்னாடி வந்துச்சு? வருஷக்கணக்கா இதுக்குத்தானே ஏங்கினே?" என்றாள் கோகிலா.

"இங்கே வேணாம்டி. கப்பல் மேல்தளத்துல நின்னு, எதிர்ல பனிமலை இருக்க, அங்கேதான் முதல் புகை விடணும். வீணாக்க மாட்டேன்."

"பைத்தியம்" என்றாள். என் தாவாங்கட்டையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரம்தான் இளமதிக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வார்டின் புழுக்கத்தில் உடம்பெல்லாம் கொப்புளம் கொப்புளமாக, தொட்டால் வீறிட்டு அழுகிற அந்தப் பூனைக்குட்டியைத் துணியில் சுற்றித் தெருவுக்குள் கொண்டுவந்ததும், டிரான்ஸ்பார்மரைத் தாண்டிய அந்த அடியிலேயே அது அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கியது. கோகிலா நடுத்தெருவில் நின்றபடி என் வீட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கும்பிட்டது என்னை என்று நினைத்தேன், மூளை கெட்டவள்.

நாள் நெருங்க நெருங்க என் வீட்டுக்கு வருகிறவர்கள் அதிகமானார்கள். "சௌக்கியமா மங்கை" என்பார்கள், கண் பெட்டிமேல் இருக்கும். "எப்பம்மா கெளம்புறே?" என்று ஆசையாகக் கேட்ட நாகலிங்கம் சார், "கெளம்பித்தான் ஆகணுமா?" என்று கேட்க ஆரம்பித்தார். கப்பலில் வாந்தி நிற்காது, கப்பலில் தண்ணீர் கிடைக்காது, கப்பலில் போன ஒன்றுவிட்ட சித்தப்பா திரும்பவே இல்லை என்று கதை கதையாக வந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"பெட்டி போனா தெரு தாங்காதும்மா" என்றார் நாகலிங்கம் சார். "வயசானவங்க இருக்காங்க, பச்சைக் குழந்தை இருக்குது. அடுத்த வருஷம் போகக் கூடாதா?"

"சார், ஊரையெல்லாம் அனுப்பினவ நான். உங்க ராமேஸ்வரத்துக்கு சைடு லோயர் கிடைக்காம ராத்திரியெல்லாம் தூங்காம இருந்தீங்களே, அடுத்த வருஷம் போங்கன்னு நான் சொன்னேனா?"

கோகிலா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால், "குழந்தைக்காக விட்டுட்டுப் போடி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பெட்டியோடு எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டு நாலு காட்டன் புடவையோடு கப்பல் ஏறியிருப்பேன், குளிரில் பல் கிட்டினாலும் சரி என்று போயிருப்பேன். அவள் குழந்தையின் குல்லாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மறுநாளே தெரு மாறிவிட்டது. எல்லாருக்கும் என்மேல் பாசம் பொங்கி வழிந்தது. ஒரு வீட்டிலிருந்து முறுக்கு வந்தது, ஒரு வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல் வந்தது, நாகலிங்கம் சார் நாள்காட்டியைக் கிழித்துக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீ கெளம்புறது செவ்வாக்கிழமை. அஷ்டமி வேற. வடக்கே சூலம், கப்பல் வடக்கேதானே போவுது? நல்லதில்லம்மா. திங்கக்கிழமை நல்ல நேரத்துல பெட்டியைப் பரஸ்தானம் வச்சுடு."

பரஸ்தானம் என்பது எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிற பழக்கம். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை மட்டும் எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவது. பெட்டி படி இறங்கிவிட்டது, ஆகையால் நாமும் கிளம்பிவிட்டோம் என்று கணக்கு. மறுநாள் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போய் எடுத்துக்கொண்டு போகலாம், தோஷம் இல்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு, அப்படி வைத்த பெட்டியைப் போய்ச் சேருகிற வரைக்கும் திறக்கக் கூடாது. யார் வீட்டில் வைப்பது என்ற யோசனையே எனக்கு வரவில்லை. கோகிலா வீடு இருக்கும்போது வேறு யார் வீட்டில் வைப்பேன்? நானே தள்ளிக்கொண்டு போய் அவள் கூடத்தில் வைத்தேன். அவள் பெட்டியின் பிடியில் மஞ்சள் தடவிய நூல் கட்டினாள், கட்டிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஊருக்குப் போகிற வருத்தம் என்று நினைத்து, "அழாதேடி, பாக்கெட் நிறைய கொண்டாறேன்" என்று அவளைத் தேற்றினேன். தேற்றினேன், பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை டாக்ஸியில் ஏற்றும்போது தெருவே வாசலில் நின்று கையாட்டியது. எல்லார் வாயிலும் புகை. டிரான்ஸ்பார்மரைத் தாண்டிய பிறகு பின்கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தேன், அவர்கள் வாயில் இன்னும் புகை வந்துகொண்டுதான் இருந்தது. பெட்டி தெருவை விட்டுப் போயும் குளிர் போகவில்லையே என்று ஒரு நொடி உறைத்தது. மிச்சம் மீதி இருக்கும், மெதுவாகப் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏர்போர்ட்டில் பெட்டியைத் தொட்டால் கொதித்தது. வெயிலில் வந்த பெட்டி சூடாகத்தானே இருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கப்பலில் எங்கள் அறையில் மட்டும் ஏசி வேலை செய்யவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டு, மெஷின் நன்றாக இருக்கிறது, அறைதான் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். புனிதா துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "உங்க வேலூரைக் கையோட கொண்டாந்துட்டியாடி?" என்று கேலி செய்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். வியட்நாமில் காட்டன் புடவை, ஹாங்காங்கில் மழைக்கோட்டு, ஜப்பானின் தெற்கில் புனிதாவின் சால்வை என்று ஒப்பேற்றிக்கொண்டே வந்தேன், பெட்டியை மட்டும் திறக்கவில்லை. கட்டுப்பாடு கட்டுப்பாடுதானே.

ஜப்பானையும் தாண்டிக் கடல் சாம்பல் நிறமாக மாறிய ஒரு காலையில், எல்லாரும் கம்பளி உடுத்திக்கொண்டு மேல்தளத்துக்கு வரலாம், பனிமலை தெரிகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தப் பனிதானே என்று, குளித்து, சாமி கும்பிட்டு, மஞ்சள் நூலை அவிழ்த்து, பெட்டியைத் திறந்தேன்.

கத்திரி வெயில் முகத்தில் அறைந்தது.

எங்கள் தெருவின் வெயில்தான், எனக்குத் தெரியாதா, தார் வாசனையும் வேர்வை வாசனையும் காய்ந்த வேப்பம்பூ வாசனையுமாக, பகல் பன்னிரண்டு மணிக் கிணற்றடித் தெரு அப்படியே எழுந்து அறையை நிறைத்தது. உள்ளே ஜெர்கின் இல்லை, குல்லா இல்லை, காலுறை இல்லை, ஸ்வெட்டர் இல்லை. நாகலிங்கம் சாரின் கட்டம் போட்ட லுங்கி இருந்தது. ஷம்ஷாத் அக்காவின் வெளிறிப்போன நைட்டி இருந்தது. சோடாக்கடைக்காரரின் பனியன், பனை விசிறி, தலையணை உறை, வேர்வைத் துண்டு. கோடைக்குப் போட்டு உழன்ற துணி, வீட்டுக்கு ஒன்று, ஒரு வீடு பாக்கியில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து யாருடையது, யாருடையது என்று பார்த்துக்கொண்டே வந்தேன், தெருவில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், இதில் சேராமல் இருந்திருக்க மாட்டாரா என்று தேடினேன். அடியில், நன்றாக மடித்து, ஒரு மஞ்சள் சுங்குடிப் புடவை. கோகிலாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நான் எடுத்துக்கொடுத்தது.

நான் அழுதேன். சத்தம் போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, கவுன்ட்டரில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அழாத அழுகையையெல்லாம் சேர்த்து வைத்து அழுதேன். குளிரை எடுத்துக்கொண்டதற்காக அழவில்லை, குளிர் கிடக்கிறது. தன்னைத் தேற்ற என்னை விட்டாளே, அதற்காக அழுதேன்.

புனிதா தன்னுடைய கோட்டை எனக்கு மாட்டி மேலே இழுத்துக்கொண்டு போனாள். கோட்டே தேவைப்படவில்லை. பெட்டியை மூடினாலும் தையல் வழியாகக் கசிந்து வந்து வெயில் என் காலைச் சுற்றிக்கொண்டது. பாவம், அந்தக் கடலில் அதற்குத் தெரிந்த முகம் நான் ஒருத்திதானே. நான் நின்ற இடத்தில் தளத்துப் பனி உருகி ஈரமாயிற்று. கப்பல் ஜனங்கள் இதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு சீனத்துப் பாட்டனார் வந்து என் பக்கத்தில் கையைக் காட்டிக் குளிர் காய்ந்தார், இரண்டு பெண்கள் நனைந்த கையுறையை என் தோளில் உலர்த்தக் கேட்டார்கள், நாளடைவில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்கு வரிசையே நின்றது. எதிரே பனிமலை, நீலமும் வெள்ளையுமாக, நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. எல்லார் வாயிலிருந்தும் புகை வந்தது, புனிதா பேசப் பேசப் புகையாக வந்தது. நான் வாயைத் திறந்தேன். ஊதினேன். கன்னம் வலிக்க வலிக்க ஊதினேன். அனல்தான் வந்தது.

வான்கூவர் நெருங்கும்போது கோகிலாவின் போன் வந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"மங்கை, பெட்டியைத் தெறந்துட்டியா?"

நான் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினேன்.

"இங்கே குளிர் ஏறிக்கினே போவுதுடி. வெயில் ஒரு சொட்டு இல்ல. துவைச்ச துணி காயல, அரிசியில பூஞ்சை வந்துடுச்சு, நாகலிங்கம் சார் முட்டி மடக்க முடியாம கெடக்குறார். குழந்தைக்கு நெஞ்செல்லாம் சளி, இழுக்குது. மூடி அப்படியே கொண்டாந்துடுடி, மிச்சம் இருக்கிறதையாவது கொண்டாந்துடு." அவள் குரலோடு அந்தக் குழந்தையின் மூச்சும் கேட்டது, கர் கர் என்று.

வெயிலைக் கடலில் கொட்டிவிட்டு வா என்றாள் புனிதா. எனக்கும் அந்த எண்ணம் இல்லாமல் இல்லை, பெட்டியைக் கைப்பிடிச் சுவர்வரைக்கும் தள்ளிக்கொண்டுகூடப் போனேன். அந்தக் கர் கர்தான் காதை விட்டுப் போகவில்லை. அந்தக் குழந்தை என்ன செய்தது, பாவம். துணியையெல்லாம் மறுபடி மடித்து அடுக்கி, சந்து பொந்தில் கசியாமல் தையலில் மெழுகு தேய்த்து, பூட்டினேன்.

நான் திரும்பி வந்தபோது ஊருக்குக் கத்திரி முடிந்திருந்தது, எங்கள் தெருவுக்குத்தான் இன்னும் வரவில்லை. டிரான்ஸ்பார்மரைத் தாண்டியதும் டாக்ஸி கண்ணாடியில் பனி படர்ந்தது. பெட்டியை நடுத்தெருவில் இறக்கி, மல்லாத்தி, திறந்துவிட்டு, என் வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். வெயில் எழுந்து வீடு வீடாக அடையாளம் பார்த்து நுழைந்தது. கதவுகள் திறந்தன. ஒவ்வொருவராக வந்தார்கள், கையைக் காட்டிச் சூடு பட்டுக்கொண்டார்கள், குனிந்து அவரவர் துணியை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். நாகலிங்கம் சார் லுங்கியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பயணமெல்லாம் நல்லபடியா இருந்துச்சாம்மா?" என்றார். ஷம்ஷாத் அக்கா மட்டும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் எண்ணெய் உருகியது, மாவு பொங்கியது, சோடாக்கடையில் கோலி உடைக்கிற சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டில் குழந்தை சளி இல்லாமல் அழுதது. பெட்டியில் மஞ்சள் சுங்குடி ஒன்றுதான் பாக்கி.

எனக்கு மட்டும் உடம்பு சில்லிட்டுப்போய் இருந்தது. பயண அலுப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் நாலு மணிக்குச் சுவர்மேல் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. "மங்கை" என்ற குரலும் கேட்டது. நான் போகவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கோகிலா வாசல் வழியாகவே வந்தாள், ஒரு கையில் காபி, ஒரு கையில் துவைத்து மடித்த அரக்குக் கலர் ஸ்வெட்டர். நான் ஸ்வெட்டரை வாங்கிப் பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். ஏதாவது ஒன்று, ஒரு வேப்பிலைக் கொத்தாவது இருக்கும் என்று விட்டேன். ஒன்றும் இல்லை.

"குழந்தை செத்துப்போயிடும்னு பயந்துட்டேன்டி" என்றாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"கேட்டிருந்தா குடுத்துட்டு நீ போகாமயே இருந்திருப்பே. அந்தப் பழி எனக்கு எதுக்கு?" சொல்லிவிட்டு அவள் அழுதாள். "நீ போகணும்னுதான்டி..."

பாதி உண்மை அதில் இருந்தது. மீதிப் பாதியில் என்ன இருந்தது என்று அவளுக்கும் தெரியும், காஷ்மீருக்கு இரண்டு பேருமாகப் போவதாக இருந்தோம், நான் தனியாகக் கிளம்பினேன். அதற்காக என்னை அடித்திருக்கலாம், பேசாமல் இருந்திருக்கலாம். நூல் கட்டி அனுப்பியிருக்க வேண்டாம். நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன், குளிர் தாங்க முடியவில்லை. வெளியே தெருவில் வெயில் தகித்துக்கொண்டிருந்தது. அவள் நெற்றியிலிருந்து வேர்வை கழுத்துக்கு வழிந்தது.

"ஒரு வார்த்தை பேசுடி மங்கை. திட்டவாச்சும் செய்."

"போயிட்டு வா கோகிலா" என்றேன்.

என் வாயிலிருந்து புகை வந்தது. வெள்ளையாக, கெட்டியாக, அவள் முகம் வரைக்கும் போயிற்று. அவள் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.